கருத்து கேக்கற மேனேஜர்கிட்ட வேலை பாத்திருக்கீங்களா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

எங்க டீமுக்கு புது லீட் வந்த புதுசுல யாருக்கும் ஒண்ணும் புரியல, மீட்டிங்ல அவங்க வாயே தொறக்க மாட்டாங்க. நைட் ஷிஃப்ட் யாரு பாக்கறதுன்னு ரொம்ப நாளா சண்டை ஓடிட்டிருந்துச்சு, பழைய மேனேஜர்னா ஷீட்டை மெயில்ல தட்டிவிட்டுடுவார், அவ்ளோதான். இவங்க போர்டுல காலி கட்டம் போட்டு, இருக்கறதுலயே ஜூனியர் பையன் கைல மார்க்கரை குடுத்து "நீ ஆரம்பி தம்பி"ன்னாங்க. அவன் எழுதுனப்புறம்தான் தெரிஞ்சுது, நைட் முடிச்ச மறுநாளே காலை ஷிஃப்ட் அவனுக்கு மட்டும் விழுந்துட்டே இருந்திருக்கு. கடைசியாதான் அவங்க பேசுனாங்க, ரெண்டு யோசனைய எடுத்துக்கிட்டாங்க, ஒண்ண எடுக்கல, ஏன் எடுக்கலன்னு எல்லார் முன்னாடியும் விளக்குனாங்க. அந்த எடுக்காத யோசனை என்னோடது, ஆனா வருத்தமே இல்ல, காரணம் தெரிஞ்சிடுச்சே.

---

அந்த "ஏன் எடுக்கல" தான் விஷயமே அக்கா. எங்க ஆபீஸ்ல சீட்டிங் மாத்தப்போறோம், கருத்து சொல்லுங்கன்னு ஃபார்ம் வந்துச்சு, நாங்களும் நீளமா எழுதிட்டிருக்கோம், அதுக்குள்ள கார்ப்பென்டர் வந்து அளவெடுத்துட்டிருக்கார். அடுத்த சர்வேக்கு ஒருத்தரும் பதில் போடல. முடிவு பண்ணிட்டீங்கன்னா பண்ணிட்டோம்னே சொல்லிடுங்க, அதுலயாவது மரியாதை இருக்கு.

---

நான் ட்ரெய்னிங் டிபார்ட்மென்ட். இதுக்கு நான் எப்பவும் எடுக்கற உதாரணம் 1948ல கோச், ஃப்ரெஞ்ச்னு ரெண்டு பேர் எழுதுன ஆய்வு. அமெரிக்கால ஹார்வுட்னு பைஜாமா ஃபேக்டரி, வேலை முறைய மாத்தணும். ஒரு குரூப்கிட்ட போட்டி அதிகமாயிடுச்சு, இனிமே இப்படித்தான், புது பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு குடுக்கற கூலி) இதுன்னு சொல்லிட்டாங்க. வேற குரூப்ல எல்லாரையும் உக்கார வச்சு எப்படி மாத்தலாம்னு சேந்தே முடிவு பண்ணாங்க. முதல் குரூப்ல 40 நாளுக்குள்ள 17 சதவீதம் பேர் வேலைய விட்டுட்டாங்க, சேந்து பேசுன குரூப்ல ஒருத்தர்கூட விடல, உற்பத்தியும் பழைய அளவ தாண்டிடுச்சு. எனக்கு ரொம்ப பிடிச்சது இதுக்கப்புறம் நடந்தது: அந்த முதல் குரூப்ல மிஞ்சுனவங்கள வேற வேலைக்கு மாத்துறப்ப அவங்களையும் சேத்து பேசுனாங்க, அவங்களும் நல்லா செஞ்சாங்க. ஆளுங்க அதே ஆளுங்கதான்!

---

நான் ஐசியூ நர்ஸ். ஒருத்தருக்கு இதயம் நின்னா உக்காந்து ஓட்டெடுக்க முடியாது, டீம் லீடர் சொல்றத செஞ்சே ஆகணும். முன்னாடி இருந்த வார்டுல நடுவுல வாய தொறந்தா திட்டு விழும், தெரிஞ்சாலும் சும்மா நிப்பாங்க, நோயாளி உயிர் விஷயத்துல அது எவ்ளோ ஆபத்துன்னு நினைச்சா இப்பவும் பதறுது. இங்க சீனியர் டாக்டர் உத்தரவு போட்டுக்கிட்டே நடுவுல சத்தமா "நான் எதையாவது விட்டுட்டேனா?"ன்னு கேப்பார். ஒரு தடவ புதுசா சேந்த சிஸ்டர் "சார், பொட்டாசியம் இன்னும் பாக்கல"ன்னாங்க. "ஆமா, உடனே அனுப்புங்க"ன்னார், முகம்கூட மாறல. இப்ப அந்த சிஸ்டர்தான் புதுசா வர்றவங்களுக்கு, தோணுனத அந்த நிமிஷமே வாய்விட்டு சொல்லணும்னு கத்துக்குடுக்கறாங்க.