ஆட்டோபேஜிக்காகப் பசியாறலை நிறுத்தினால் தசை தேறுமா?

லயத்துப் பையன், சுங்கை சிப்புட்:
அப்பாவுக்கு 68 வயது, செம்பனைக் குலை வெட்டினவர். இப்போது தொடை இளைத்து, கையை ஊன்றித்தான் நாற்காலியை விட்டு எழுகிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பவுடர் விற்கிற ஆள், சாப்பிடாமல் இருந்தால் ஆட்டோபேஜி, அதாவது செல் தன் குப்பையைத் தானே செரிக்கிற வேலை, கிளம்பி தசை ஸ்டெம் செல் புதுசாகும், மெத்திலேஷன் அது இது என்று ஏற்றிவிட, அப்பா காலைப் பசியாறலையே விட்டுவிட்டார். உண்மையா?

ஈப்போ லேப் அக்கா:
பாதி உண்மை தம்பி, அதுதான் வம்பு. தசை நாரை ஒட்டியபடி சேட்டிலைட் செல்கள் என்ற தசை ஸ்டெம் செல்கள் உறங்கிக்கிடக்கும், அடிபட்டால் எழுந்து பெருகி நாரைச் சரிசெய்யும். உறங்கும்போதும் செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்டிரியாவில் கெட்டுப்போனதையும் பழைய புரதத்தையும் உள்ளேயே செரித்துக்கொள்ளும், அதுதான் ஆட்டோபேஜி. கிழ எலிகளில் இது மந்தமாகி, குப்பை சேர்ந்து, செல் மூப்படைந்து எழவே மாட்டேன் என்கிறது என்று 2016-இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆட்டோபேஜியை மீட்டதும் செல்கள் தேறின. எலியில்தான்!

இங்கே மெத்திலேஷன் என்றால் புரதத்தில் மெத்தில் என்ற குட்டி வேதிக்குழுவை ஒட்டுவது. கார்ம்1 என்ற நொதி சேட்டிலைட் செல்லில் இருக்கிற பேக்ஸ்7 என்ற புரதத்தில் அதை ஒட்டினால் மிஃப்5 ஜீன் விழித்து, செல் தசையாகும் பாதையில் இறங்கும். செல்லுக்குச் சத்து கிடைக்காதபோது இதே கார்ம்1, டிஎன்ஏ சுற்றிக்கொள்கிற ஹிஸ்டோன் புரதத்தில் மெத்தில் ஒட்டி ஆட்டோபேஜி ஜீன்களையும் கிளப்பும். பவுடர்காரர் இந்த நூலைப் பிடித்துக்கொண்டார் போல. ஆனால் ஆய்வுக்கூடத்துச் செல்லின் பட்டினி வேறு, உங்கள் அப்பாவின் பட்டினி வேறு. ஆட்டோபேஜி அளவு மீறினால் அதுவே தசையைக் கரைக்கும்.

தெலுக் இந்தான்காரன்:
அக்கா, பிள்ளைகளுக்குத் தசை கரைகிற டூஷேன் என்ற பரம்பரை நோயிலும் ஆட்டோபேஜி குறையும் என்கிறார்களே, அந்தப் பிள்ளைகளைப் பட்டினி போடலாமா?

ஈப்போ லேப் அக்கா:
ஐயோ, கூடவே கூடாது. அங்கே மூலக் கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிற டிஸ்ட்ரோபின் ஜீனில். ஆட்டோபேஜி தடுமாறுவது அதைத் தொடர்ந்து வருவது. கொலாஜன் 6 என்ற புரதம் இல்லாமல் தசை நோய் வந்த எலிகளில் ஆட்டோபேஜியைத் தூண்டியபோது தசை தேறியது நிஜம், அதற்காக வளர்கிற பிள்ளையின் சாப்பாட்டில் கை வைக்க முடியுமா?

மிஸி மாமா:
தம்பி, முதலில் கிளினிக்கில் சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம் பார்க்கச் சொல். சிறுநீரகம் நன்றாக இருந்தால் வயதானவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். முட்டை, நெத்திலி, பருப்பு, தவ்வு எதுவும் சரி. அப்புறம் அந்த நாற்காலியிலேயே எழுந்து உட்காரப் பழக்கு, முடிந்த மட்டும் கையை ஊன்றாமல். நீ பக்கத்திலேயே நில்.

லயத்துப் பையன்:
நன்றி மாமா. இரண்டு முட்டை அவித்து வைத்தேன், முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார். பவுடருக்குக் கொடுத்த காசு திரும்ப வராதாம்.