ஆட்டோ டெபிட் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம்_பைக்

நானே ஆரம்பிக்கிறேன். செப்டம்பர் 2021, 5-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பைக் லோன் ஈஎம்ஐ 3,412 ரூபாய். அதுவரை ஐந்தாம் தேதி ஞாயிறில் வந்தால் திங்கள்கிழமைதான் எடுப்பார்கள். அந்தத் தைரியத்தில் திங்கள் காலை பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஆகஸ்ட் 1-இல் இருந்து நாச், அதாவது கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கும் வங்கி அமைப்பு, எல்லா நாளும் ஓடும், ஞாயிறும் பண்டிகையும் கணக்கில்லை என்று மாற்றியிருந்ததைப் பேப்பரில் படித்திருந்தேன். அது என் பைக்குக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை.

மீன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அந்தம்மா செதிள் எடுத்துக்கொண்டிருந்தார், போன் அடித்தது. பவுன்ஸ். கணக்கில் இருந்தது 3,374. 38 ரூபாய் குறைவு. வழக்கமாக நூறு ரூபாயாவது மிச்சம் நிற்கும். அந்த மாதம் ஏடிஎம் கார்டுக்கு வருடக் கட்டணம் பிடித்திருந்ததை நான் பார்க்கவில்லை.

அங்கேயே நின்று 100 ரூபாய் அனுப்பினேன். 3,474 ஆகிவிட்டது, மறுபடி எடுக்கும்போது சரியாகிவிடும் என்று நினைத்தேன். அதற்குள் வங்கி பவுன்ஸ் கட்டணம் 250, ஜிஎஸ்டி 45, ஆக 295 பிடித்துவிட்டது. மிச்சம் 3,179. இரண்டாவது தடவையும் பவுன்ஸ். இன்னொரு 295. கடன் கொடுத்த கம்பெனி தன் பங்குக்கு 590. 38 ரூபாய்க்கு நான் கொடுத்தது 1,180.

பணம்கூடப் போகட்டும். "சார், சில்லறை இருக்கா?" என்று மீன்காரம்மா கேட்டபோது நான் முழித்த முழி இன்னும் நினைவில் நிற்கிறது.

கோவை_கணக்குப்பிள்ளை

உங்களுக்கு 1,180. எனக்கு பதினெட்டாயிரத்துக்கு மேல்.

கிரெடிட் கார்டு வாங்கிய அன்றே ஆட்டோ பே போட்டேன். அதில் இரண்டு வட்டம் இருக்கும்: மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது), டோட்டல் டியூ (முழுப் பாக்கி). மேலே இருந்தது மினிமம். நான் அதை மாற்றாமல் ஓகே கொடுத்திருக்கிறேன். மாதாமாதம் "உங்கள் பேமென்ட் கிடைத்தது, நன்றி" என்று மெசேஜ் வரும். வேறென்ன வேண்டும்?

எட்டு மாதம் ஓடியது. மாதம் பதினைந்தாயிரம் போல செலவு, அதில் ஐந்து சதவீதம் மட்டும் கட்டு. மீதிக்கு மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, வட்டிக்கு ஜிஎஸ்டி. இன்னொன்று: பழைய பாக்கி நிற்கிறவரை புதிதாக வாங்குவதற்கு அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லாக் காலமே கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டு வரம்பு 1,20,000. அதைத் தொட்டுவிட்டது.

தீபாவளி ஜவுளி எடுக்கப் போனோம். பில் போடும் பையன் கார்டை இரண்டு தரம் தேய்த்தான். "வேற கார்டு இருக்காங்க்கா?" என்று கேட்டான். பின்னால் பத்துப் பேர் வரிசை. என் மாமியார் ஒன்றும் பேசாமல் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்தார். அவருக்கு எடுத்த புடவைக்கு அவரே. இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

திருச்சி_31வருடம்

மேலே எழுதிய இருவருக்கும் சேர்த்து. நான் வங்கிக் கிளையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் சொந்த அனுபவம் சிறியது: தம்பி மகனுடைய மேண்டேட்டை, அதாவது கணக்கிலிருந்து தவணை எடுத்துக்கொள்ளக் கொடுத்த அனுமதியை, ரத்து செய்ய நானே வேலை பார்த்த கிளைக்குப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மடிப்பாக்கம் தம்பி, தவறு உங்களுடையது. ஈஎம்ஐ போகிற கணக்கில் எப்போதும் இன்னொரு ஈஎம்ஐ அளவுக்குப் பணம் கிடக்க வேண்டும். அதை உங்கள் பணம் என்றே நினைக்கக் கூடாது. சம்பளம் வருகிற கணக்கு வேறு, கடன் போகிற கணக்கு வேறு என்று வைத்துக்கொண்டால் ஏடிஎம் கட்டணம், காப்பிக் கடைச் செலவு எதுவும் குறுக்கே வராது. தவணைத் தேதி சம்பளத் தேதியிலிருந்து நான்கைந்து நாள் தள்ளி இருக்க வேண்டும். கடன் வாங்கும்போதே கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள், பிறகு கேட்டால் அலையவிடுவார்கள்.

மேண்டேட் படிவத்தில் உச்சவரம்பு என்று ஒரு கட்டம் இருக்கும். ஈஎம்ஐ 3,412 என்றால் அங்கே 3,412 இருக்காது. பத்தாயிரமோ அதற்கு மேலோ போட்டிருப்பார்கள், அபராதம் சேர்த்து எடுக்க வசதியாக. கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படியுங்கள். முடிவுத் தேதியையும் பாருங்கள். பதிவானதும் யுஎம்ஆர்என் என்று ஒரு நீளமான எண் வரும், அதை டைரியில் எழுதி வையுங்கள். பிரச்சினை வந்தால் வங்கியில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

பவுன்ஸ் என்றால் கட்டணத்தோடு போயிற்று என்று நினைக்கிறார்கள். செக் பவுன்ஸுக்கு 138-ஆம் பிரிவு என்று ஊருக்கே தெரியும். ஆட்டோ டெபிட் பவுன்ஸுக்கும் சட்டம் இருக்கிறது: பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம், 2007, 25-ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 38 ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போக மாட்டார்கள், ஆனால் நோட்டீஸில் இந்தப் பிரிவைப் போட்டு மிரட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

கோவை சகோதரி, எட்டு மாதம் ஸ்டேட்மென்டையே திறந்து பார்க்கவில்லையா? மெசேஜ் வந்தது என்பது ஒரு பதிலா?

கோவை_கணக்குப்பிள்ளை

சார், ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் திறக்க பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த தேதியும் பாஸ்வேர்டு. என் இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று எனக்கே தெரியாது. மூன்று தடவை போட்டுப் பார்த்து மூடிவிட்டேன். தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மினிமம் என்கிற வட்டத்தை மேலே வைத்தது நான் இல்லை.

அம்பத்தூர்_ஷேர்ஆட்டோ

திருச்சி ஐயா, இன்னொரு ஈஎம்ஐ அளவுக்குப் பணம் எப்போதும் கிடக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படிக் கிடந்தால் நான் ஏன் கடன் வாங்குகிறேன்? சம்பளத் தேதி என்று ஒன்று இருப்பவர்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு தினமும் சம்பளம், தினமும் செலவு.

ஆட்டோ லோன். பவுன்ஸ் ஆன அன்று மதியம் கலெக்ஷன் ஆள் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டான். வண்டியில் மூன்று சவாரி ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த பணத்தை எடுத்து, பத்தும் இருபதுமாக அவர்கள் கண்ணெதிரே எண்ணிக் கொடுத்தேன். ரசீது கேட்டேன், போனில் வரும் என்றான். சரி, வந்தது.

அந்தச் சவாரியில் ஒரு ஸ்கூல் டீச்சர். இறங்கும்போது பதினைந்து ரூபாய்க்கு இருபது கொடுத்துவிட்டு, மீதி வேண்டாம் என்றார். எனக்கு அந்த ஐந்து ரூபாய்தான் உறைத்தது.

இரண்டு நாள் கழித்து அண்ணன் போட்ட பணம் கணக்கில் விழுந்தது. பசங்க ஃபீஸுக்கு. மறுநாள் காலை அதே ஈஎம்ஐ மறுபடி எடுத்துவிட்டார்கள். கையிலும் வாங்கியாயிற்று, கணக்கிலும் வாங்கியாயிற்று. கேட்டால் "சிஸ்டத்துல முன்னாடியே அனுப்பியாச்சு, அடுத்த மாசத்துல கழிச்சுக்குறோம்" என்றார்கள். அடுத்த மாதத்தில் கழிப்பதை வைத்து இந்த மாதம் ஃபீஸ் கட்ட முடியுமா? எழுதிக் கொடுத்து, அலைந்து, 24-ஆம் நாள் வந்தது.

பெரம்பலூர்_மகன்

இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. இது பவுன்ஸ் ஆகாத கதை.

அப்பா தவறி பத்தொன்பதாம் நாள். காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிவிட்டது. அவர் போன் டிவி மேல் சார்ஜில் கிடந்தது. காலையில் டிங் என்றது. 1,450 ரூபாய் எடுக்கப்பட்டது, ஏதோ ஒரு ஃபைனான்ஸ் பெயர். அப்பாவுக்குக் கடன் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஏமாற்று வேலை என்று நினைத்து அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன்.

வாஷிங் மெஷின். பன்னிரண்டு தவணை, ஏழு முடிந்திருந்தது. அம்மாவிடம் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன் என்று சொல்லியிருக்கிறார். நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அது பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்துபோய் அதை நிறுத்தினார். பாதித் துணி சோப்பு நுரையோடு உள்ளேயே இருந்தது.

மடிப்பாக்கம்_பைக்

பெரம்பலூர் நண்பரே, என்ன சொல்வதென்று தெரியவில்லை. மீதித் தவணை என்ன ஆயிற்று?

பெரம்பலூர்_மகன்

வங்கியில் இறப்புச் சான்றிதழ் கொடுத்ததும் கணக்கை நிறுத்திவிட்டார்கள். மீதி ஐந்தையும் நான் ஒரே தடவையாகக் கட்டினேன். கட்டிய ரசீதை அம்மா பீரோவில், அப்பா வைக்கிற இடத்திலேயே வைத்திருக்கிறார்.

திருச்சி_31வருடம்

பெரம்பலூர் தம்பி, ஒரு விஷயம். சிறிய கடனுக்குக்கூட சில சமயம் இன்ஷூரன்ஸ் சேர்த்திருப்பார்கள். கடன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இருந்தால் மீதித் தவணையை அவர்களே கட்ட வேண்டியிருந்திருக்கும். இப்போதும் கேட்டுப் பார்க்கலாம். அம்பத்தூர் நண்பர் சொன்னதை மறுக்கவில்லை, நான் மாதச் சம்பளக்காரன் கணக்கில் பேசிவிட்டேன்.

உசிலம்பட்டி_தமிழ்க்கையெழுத்து

என்னுடையது வேடிக்கையானது, ஆனால் அன்றைக்கு வேடிக்கையாக இல்லை. கல்லூரி முதல் வருடம் ஸ்காலர்ஷிப்புக்காகக் கணக்குத் தொடங்கும்போது தமிழில் கையெழுத்துப் போட்டேன். நல்ல சுழியோடு. சென்னைக்கு வேலைக்கு வந்ததும் எல்லாமே இங்கிலீஷ் கையெழுத்து. பத்து வருடம் கழித்து பர்சனல் லோன், மேண்டேட் படிவத்தில் இங்கிலீஷில் போட்டுக் கொடுத்தேன். பணம் கணக்கில் வந்துவிட்டது, நானும் மறந்துவிட்டேன்.

முதல் தவணைத் தேதியில் பணம் கணக்கில் அப்படியே இருக்கிறது. எடுக்கவே இல்லை. நல்லவர்கள், விட்டுவிட்டார்கள் போல என்று நான் பேசாமல் இருந்தேன். நான்காம் நாள் போன் வந்தது, தவணை கட்டவில்லை, அபராதம் என்று. மேண்டேட் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பி அனுப்பியிருக்கிறது.

கிளையில் அந்த ஆபீசர் கம்ப்யூட்டரில் என் பழைய கையெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "இது மாதிரி போடுங்க" என்றார். ஒரு பக்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன், அந்தச் சுழி வரவே இல்லை. என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போடுகிற மாதிரி இருந்தது. கடைசியில் டெபிட் கார்டும் ஓடிபியும் வைத்து ஆன்லைனிலேயே ஈ-மேண்டேட் போட்டோம், ஐந்து நிமிடம்.

மதுரை_முன்கூட்டி

நான் பர்சனல் லோனை ஜூன் 28-இல் முழுசாகக் கட்டி மூடினேன். கடன் பாக்கி இல்லை என்கிற என்ஓசியும் மெயிலில் வந்தது, பிரின்ட் எடுத்து வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஜூலை 5 காலையில் 11,260 ரூபாய் எடுத்துவிட்டார்கள்.

அந்த என்ஓசியையே கையில் வைத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். "எங்களுக்கு கேட்டு வருது சார், நாங்க கொடுக்குறோம். அவங்கள கேளுங்க." அவர்களைக் கேட்டால், "பேங்க்ல மேண்டேட்டை கேன்சல் பண்ணலையா சார்?" என்கிறார்கள். கடனை மூடினால் மேண்டேட்டும் மூடிக்கொள்ளும் என்று நினைத்தது என் குற்றமாம்.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளருக்கு) போகிறேன் என்று மெயிலில் ஒரு வரி சேர்த்தேன். பத்தொன்பதாம் நாள் பணம் வந்தது. அந்த வரி வேலை செய்ததா, தற்செயலா, சொல்லத் தெரியவில்லை. மேண்டேட்டை நானே நெட் பேங்கிங்கில் போய் ரத்து செய்தேன்.

தாம்பரம்_மேற்கு

எனக்குக் கதை ஒன்றும் இல்லை, படித்துக்கொண்டுதான் இருந்தேன். மதுரைக்காரர் எழுதியதைப் பார்த்துவிட்டு நெட் பேங்கிங்கைத் திறந்தேன். மேண்டேட் என்கிற பக்கத்தைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம். நான்கு இருக்கிறது. வீட்டுக்கடன் சரி. கார்டு சரி. மூன்றாவது மியூச்சுவல் ஃபண்ட்.

நான்காவது 2019-இல் கட்டி முடித்த ஃப்ரிட்ஜ் லோன். ஆக்டிவ் என்று பச்சையில் இருக்கிறது. உச்சவரம்பு 50,000. முடிவுத் தேதி 2049.

கேன்சல் பட்டனை அழுத்தினால் கிளையை அணுகவும் என்கிறது. நாளை சனிக்கிழமை, எத்தனையாவது சனி? இரண்டாவது என்றால் லீவு.