முற்றத்துப் புல்லுக்குத் துளை போடுவது சித்திரையிலா, மாரி தொடங்கும்போதா?

வளவுக்காரி (கிளிநொச்சி):
வணக்கம். முன்வளவில் மலேசியன் புல் பதித்திருக்கிறோம். வீடு கட்டும்போது கிரவல் ஏற்றிய உழவு இயந்திரம் ஓடிய பட்டையில் மட்டும் புல் பிடிக்கவேயில்லை. தண்ணீர் விட்டால் மேலே நின்று வழிந்தோடுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், தாங்கள் வசந்தத்தில் மெசின் வாடகைக்கு எடுத்துப் புல்தரையில் துளை போடுவதாகச் சொல்கிறார். நாங்கள் சித்திரையில் செய்தால் சரிவருமா? அலவாங்கால் குத்தினால் போதுமென்கிறார் இவர்.

குளக்கட்டு:
தங்கச்சி, மச்சாள் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. அங்கே பனி உருகியதும் புல் வேகமாக வளரும், போட்ட துளை கெதியாக மூடிவிடும். (அங்கத்தைய புல்லுக்கு இலையுதிர்காலத் தொடக்கம் இன்னும் நல்லது.) எங்கள் புல் மழையைப் பார்த்துத்தான் வளர்கிறது. சித்திரையில் இரண்டு மழை பெய்யும்தான். அதை நம்பித் துளை போட்டால் பின்னாலேயே சோளகம் வந்துவிடும், அந்தக் காற்றில் துளை வழியே வேர் காயும். கோடை முழுக்கக் கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் ஐப்பசி மழையில் மண் ஊறிய பிறகு செய்வது நல்லது. சேறாக இருக்கும்போது கூடாது.

அலவாங்கு வேண்டவே வேண்டாம். அது மண்ணை எடுக்காது, பக்கத்துக்குத் தள்ளி இன்னும் இறுக்கும். மண்ணை வெளியே எடுத்தால்தான் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகும். வெல்டிங் கடையில் அரை அங்குல இரும்புக் குழாயின் வாயைக் கூராக்கி, பிடியும் மிதிக்க ஒரு குறுக்குத் துண்டும் ஒட்டுவித்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கிற பள்ளிக்கூட மைதானத்தில் கோல் கம்பத்தடிக்கு அப்படித்தான் செய்கிறோம், பெடியள் மிதித்து மிதித்தே இறுகிய இடம் அது. 2, 3 அங்குல ஆழம், 4 அங்குல இடைவெளி. வெளியே வரும் மண் துண்டுகளைக் கூட்டி அள்ளாதீர்கள், மழைக்குக் கரைந்துவிடும். மேலே அரித்த மாட்டெருவை மெல்லிசாகத் தூவுங்கள். முழு வளவுக்கும் மினக்கெட வேண்டாம், அந்தப் பட்டை போதும்.

அப்புறம், எங்கள் பக்கம் என்பதால் சொல்கிறேன்: சந்தேகமான இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் நோண்டாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

முருங்கன் பெடியன்:
அண்ணை, எங்கள் கறுப்பு மண் கோடையில் தானாகவே வெடித்துப் பிளக்கிறதே, இதற்கும் துளை வேண்டுமா?

குளக்கட்டு:
உங்களுக்குத் தேவையில்லை தம்பி, அந்த வெடிப்பே காற்றை உள்ளே விடும். எரு மட்டும் போடுங்கள். காய்ந்தால் இறுகிப்போகிற எங்கள் செம்மண்ணுக்குத்தான் இந்தக் கரைச்சல்.

வளவுக்காரி:
நன்றி அண்ணை. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு ஸ்குரூடிறைவரால் குத்திப் பார்த்தேன். புல் இருக்கிற பக்கம் இறங்குகிறது, பட்டையில் ஒரு அங்குலத்தோடு கல்லில் தட்டி நிற்கிறது.

குளக்கட்டு:
அப்படியென்றால் கீழே கிரவல் கிடக்கிறது. அதில் துளை போடுவது வீண்வேலை. மண்வெட்டியால் அரை அடிக்குக் கொத்தி, கிரவலை அள்ளிவிட்டு, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்புங்கள். மாரி தொடங்கியதும் பக்கத்துப் புல்லிலிருந்து துண்டு எடுத்துப் பதிக்கலாம். அள்ளிய கிரவலை எறியாதீர்கள், கேற்றடியில் வெள்ளம் நிற்கிற இடத்துக்கு உதவும்.