தாளத்துக்கு மேல் பாடினால் குரல் பிந்துகிறது: ஆடாசிட்டி போதுமா, ஆர்டோருக்கு மாறணுமா?

பந்துவராளி கேட்டது:

வணக்கம். பாட்டு வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பதிவுசெய்து அனுப்பப் பழக்க வேண்டும். செலவில்லாத ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான் சரிப்படும் என்பதால் ஆடாசிட்டி. எல்லாரிடமும் விண்டோஸ் லேப்டாப், அதிலேயே இருக்கும் மைக், புளூடூத் ஹெட்செட். தம்பூரா ஒரு ட்ராக், தாளம் ஒரு ட்ராக், அவற்றைக் கேட்டபடி குரல் மூன்றாவது. சிக்கல்கள் இவை: குரல் தாளத்துக்குப் பிந்தி விழுகிறது, அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு அளவில். நீண்ட கார்வை (ஒரே ஸ்வரத்தில் நீட்டி நிற்பது) கொடுத்தால் பாதியில் குரல் தானாக அமுங்கிப்போகிறது. ஹெட்செட் போட்டதும் பதிவு போனில் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஆர்டோர் என்ற இன்னொரு பதிவு மென்பொருளுக்கு மாறினால் தீருமா?

கம்பிவடம்:

மாறினாலும் தீராது. மூன்றுமே மென்பொருளுக்கு வெளியே இருக்கும் கோளாறுகள்.

முதலில் புளூடூத்தைக் கழற்றுங்கள். புளூடூத் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் இணைப்பு போன் பேச்சுக்கான முறைக்கு இறங்கிவிடும். அதில் ஒலி ஒற்றைச் சேனல், சாம்பிள் ரேட்டும் (ஒலியை ஒரு செகண்டில் எத்தனை முறை அளக்கிறது என்பது) பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். காதில் கேட்கிற தாளமும் நூறு, இருநூறு மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் வந்து சேரும், அந்தத் தாமதமும் நிலையாக இருக்காது. அதனால்தான் பிந்தல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வயர் இயர்போன் போதும்.

கார்வை அமுங்குவது விண்டோஸின் வேலை. லேப்டாப் மைக்குக்குப் பின்னால் இரைச்சல் நீக்கி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். சீராக, மாறாமல் வரும் ஒலியெல்லாம் அதன் கணக்கில் ஃபேன் சத்தம். ஆடாமல் அசையாமல் ஷட்ஜத்தில் நின்றால் அதையும் ஃபேன் என்றே நினைத்து இறக்கிவிடும். செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய் மைக்கைத் தேர்ந்தெடுத்து 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்பதை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப் கம்பெனியே தனியாக ஒரு ஒலி ஆப் போட்டிருந்தால் அதற்குள்ளும் இதேபோல் ஒன்று இருக்கும். அதையும் அணைக்க வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு நிலையான பிந்தல் மிச்சம் இருக்கும். அதை அளந்துதான் சரிசெய்ய முடியும். ஆடாசிட்டியின் ஆடியோ செட்டிங்ஸில் 'லேட்டன்சி காம்பன்சேஷன்' (பிந்தலை ஈடுகட்டும் அளவு, மில்லிசெகண்டில்) என்ற பெட்டியில் -130 என்று இருக்கும். அது ஒரு பொது மதிப்பு, உங்கள் கணினிக்காக அளந்தது இல்லை. அதை 0 ஆக்குங்கள். ஜெனரேட் மெனுவில் 'ரிதம் ட்ராக்' எடுத்து 60 டெம்போவில் சில சுற்று கிளிக் உருவாக்குங்கள். இயர்போனை மைக்கோடு ஒட்டிவைத்து, ஷிஃப்ட் ஆர் அழுத்திப் புதிய ட்ராக்கில் பதியுங்கள். (வெறும் ஆர் அழுத்தினால் பெரும்பாலும் பழைய ட்ராக்கின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். புதியவர்கள் முதலில் திகைப்பது இங்கேதான்.) பிறகு நன்றாகப் பெரிதாக்கி, மேலே உள்ள கிளிக்கின் தொடக்கத்திலிருந்து கீழே பதிவானதின் தொடக்கம்வரை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் இடைவெளி அடியில் தெரியும். 0.185 செகண்ட் என்று வந்தால் பெட்டியில் -185. மறுபடி ஒருமுறை பதிந்து பாருங்கள், இரண்டும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மைக்கையோ, ஹோஸ்ட்டையோ (ஆடாசிட்டி விண்டோஸிடம் ஒலியை வாங்கும் வழி), பஃபர் அளவையோ (ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) மாற்றினால் இந்த எண் செல்லாது, திரும்ப அளக்க வேண்டும்.

அதே ரிதம் ட்ராக்கில் ஒரு பாருக்கு எத்தனை பீட் என்பதை 8 என்று வைத்தால் ஆதி, 7 என்று வைத்தால் மிஸ்ர சாபு. முதல் தட்டு மட்டும் அழுத்தமாக விழும், பழகுவதற்கு அது போதும்.

மிஸ்ரசாபு:

மேலே சொன்னதோடு லெவலையும் பாருங்கள். பிள்ளைகள் மத்ய ஸ்தாயியில் பாடி கெயினை (மைக் ஒலியை ஏற்றும் அளவு) வைத்துவிட்டு, அனுபல்லவியில் மேல் ஷட்ஜம் போகும்போது அளவு மீறி ஒலியை உடைத்துவிடுவார்கள். உடைந்த ஒலியை எந்த எஃபெக்ட்டாலும் முழுதாக மீட்க முடியாது. பாட்டில் எது உச்சமோ அதை முழுக் குரலில் பாடவைத்து, மீட்டர் -12 டெசிபலைத் தொடும்படி கெயினை நிறுத்துங்கள். எந்த இடத்திலும் -6ஐத் தாண்டக் கூடாது. பதிவு சன்னமாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். நேராக வாய்க்கு முன்னால் வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப', 'பா' வெடிக்காது. லேப்டாப் மைக் என்றால் லேப்டாப்பின் ஃபேனே பதிவாகும், அதற்கு வைத்தியம் கிடையாது. முதல் செலவு செய்வதானால் மைக்குக்குச் செய்யுங்கள். மெல்லிய 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் அது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பதிந்து பாருங்கள், நின்றால் எர்த் இல்லாத பிளக்தான் காரணம்.

இன்னொன்று முக்கியம். தம்பூராவை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பாடாதீர்கள். பின்னால் 'நாய்ஸ் ரிடக்ஷன்' போடும்போது பாட்டுக்கு முன்னால் உள்ள மௌனத்தைத்தான் மாதிரியாகக் கொடுப்போம். அதில் தம்பூரா இருந்தால் ஷட்ஜமும் பஞ்சமமும் இரைச்சல் என்று பதிவாகிவிடும். குரல் அதே ஸ்வரங்களில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீருக்கு அடியில் பாடுவதுபோல் ஆகும். காதில் இயர்போன், அறையில் நிசப்தம், சீலிங் ஃபேன் ஆஃப். வியர்க்கத்தான் செய்யும்.

கட்டைசுருதி:

ஆர்டோர் பற்றி யாரும் சொல்லவில்லையே. குரல், வயலின், மிருதங்கம் என்று மூன்று நான்கு மைக்கை ஒரே நேரத்தில் தனித்தனி ட்ராக்கில் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதுதான் சரி. விண்டோஸுக்கான இலவசப் பதிப்பு கொஞ்ச நேரத்தில் ஒலியை நிறுத்திவிடும், முழுப் பதிப்புக்குப் பணம் கேட்பார்கள். லினக்ஸில் டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலேயே முழுதாகக் கிடைக்கிறது. உபுண்டு ஸ்டூடியோவில் நிறுவியே வருகிறது.

இதில் புதியவர்களை மிரட்டுவது பதிவுப் பொத்தான். ட்ராக்கில் உள்ள சிவப்புப் பொத்தான், மேலே உள்ள பொதுச் சிவப்புப் பொத்தான், அதன்பின் ப்ளே, மூன்றையும் அழுத்தினால்தான் பதிவாகும். ட்ராக்கில் மட்டும் அழுத்திவிட்டு முழுப் பாட்டையும் பாடிமுடித்தால் கோப்பு காலி. பஃபரைப் பதிவின்போது 128 அல்லது 256இல் வையுங்கள். 48000 சாம்பிள் ரேட்டில் 256 சாம்பிள் என்றால் சுமார் 5 மில்லிசெகண்ட். டப் டப் என்று வெடித்தால் அடுத்த படிக்கு ஏற்றுங்கள். மிக்ஸிங்கின்போது 1024 தாராளம்.

சாம்பிள் ரேட்டை எல்லாரும் 48000 என்றே வைத்துக்கொள்ளட்டும். 44100இல் பதிந்த தம்பூராவை மாற்றாமல் 48000இல் ஓட்டிவிட்டால் சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிவிடும். இறக்குமதி செய்யும்போது மென்பொருளே மாற்றிக்கொள்ளும்தான், ஆனாலும் பாடத் தொடங்கும் முன் ஒருமுறை காதால் சரிபாருங்கள்.

கம்பிவடம்:

கட்டைசுருதி, எல்லாம் சரி. ஆனால் ஒரு குரலும் தம்பூராவும் மட்டும் என்றால் முதல் நாளே ஆர்டோரைக் கையில் கொடுக்காதீர்கள். பாதிப் பேர் பாடாமலேயே ஓடிவிடுவார்கள்.

பந்துவராளி:

மிக்க நன்றி. வயர் இயர்போனுக்கு மாறி, என்ஹான்ஸ்மென்ட்ஸை அணைத்ததும் கார்வை முழுதாக நிற்கிறது. ஒரு சந்தேகம்: சில பிள்ளைகள் ஆடாசிட்டி சேமிக்கும் ஏயூபி3 ப்ராஜெக்ட் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், சிலது திறக்கவே மாட்டேன் என்கிறது.

மிஸ்ரசாபு:

அந்தக் கோப்பு உள்ளுக்குள் ஒரு டேட்டாபேஸ். ஆடாசிட்டி திறந்திருக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு தற்காலிகக் கோப்பும் இருக்கும், கடைசியாகப் பதிந்தது அதில் இருக்கலாம். மூடாமல் நகலெடுத்தால் அரைகுறையாகத்தான் வரும். ஆன்லைன் ட்ரைவோடு தானாகச் சிங்க் ஆகும் ஃபோல்டரில் வைத்து வேலை செய்வதும் இதே காரணத்தால் ஆபத்து. பிள்ளைகள் தம்பூராவையும் தாளத்தையும் ம்யூட் செய்து, குரலை மட்டும் 24 பிட் மோனோ வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யட்டும். 48000இல் நிமிடத்துக்கு 8.6 எம்பிதான் ஆகும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பதிவை 0 செகண்டிலிருந்தே தொடங்கியிருந்தால் உங்கள் பக்கம் தாளத்தோடு அப்படியே பொருந்தும். முன்னால் உள்ள மௌனத்தை வெட்டிவிட்டு அனுப்பினால் நீங்கள்தான் கையால் நகர்த்திக்கொண்டிருக்க வேண்டும்.