மறுமொழி: சார்பு வயதா, ஒப்பு வயதா, மாதமூப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரே வயதுப் பிரிவில் சில மாதங்கள் முன்னே பிறந்த பிள்ளைகளே விளையாட்டு அணிகளுக்கு அதிகம் தெரிவாவதை ‘ரிலேட்டிவ் ஏஜ் எஃபெக்ட்’ என்கிறார்கள். பயிற்றுநருக்கான என் கைந்நூலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நான் எழுதிய மடலுக்கு ஒன்பது மறுமொழிகள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு, சொல்லை விட்டுவிட்டு என் சந்திப்பிழைகளைத் திருத்தியிருக்கின்றன. நன்றி, திருத்திக்கொண்டேன். மற்றவற்றுக்கு வருகிறேன்.

> பிறந்தமாதச் சாதகம் என்று சொல்லிவிடலாமே. சாதகம் என்றால் அனுகூலம்தானே.

சென்னை நண்பருக்கு: அகராதியில் அனுகூலம்தான். இங்கே யாழ்ப்பாணத்தில் அதை ஒரு தகப்பனாரிடம் சொல்லிப் பார்த்தேன். அஞ்சலோட்ட அணியில் மகனுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற கவலையோடு வந்திருந்தார். “பிள்ளை டிசம்பரில் பிறந்தவன். மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள பிறந்தமாதச் சாதகம் இவனுக்கு இல்லை” என்றேன். “சாதகக் குறிப்பு வீட்டில் இருக்கிறது மாஸ்டர், நாளைக்குக் கொண்டுவருகிறேன்” என்றார். அத்தோடு அந்தச் சொல்லைக் கைவிட்டேன். ‘பிறப்புப் பலன்’, ‘முற்பிறப்பு விளைவு’ ஆகியவற்றுக்கும் இதே கதிதான். முற்பிறப்பு என்றால் ஊழ்வினை வரைக்கும் போய்விடுவோம்.

பகிடியாகத் தோன்றினாலும் இதில் விடயம் இருக்கிறது. இந்த விளைவை உண்டாக்குவது மாதமல்ல, வயதுப் பிரிவு எந்தத் திகதியில் தொடங்கும் என்று நிர்வாகம் போடும் கோடு. 1985இல் ரொஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் கனடாவின் ஐஸ் ஹொக்கி வீரர்களின் பிறந்த திகதிகளை ஆராய்ந்தார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள், கடைசி மாதத்தார் அருகியிருந்தார்கள். அங்கே கோடு ஜனவரி 1. இங்கிலாந்தில் பள்ளியாண்டு செப்டம்பர் 1இல் தொடங்குகிறது. 1994இல் டூடிங்க் என்ற ஆய்வாளர் ‘நேச்சர்’ அறிவியல் சஞ்சிகையில் எழுதியபோது, அந்நாட்டு உதைபந்தாட்டக்காரரிடையே மிகுந்திருந்தவர்கள் செப்டம்பரை ஒட்டிப் பிறந்தவர்கள். குளிர்காலத்துப் பிள்ளைகளுக்கு உடல்வலு கூடவோ என்று ஐயுறுபவர்களுக்கு பெல்ஜியம் பதில் சொல்கிறது. அங்கே இளையோர் உதைபந்தாட்டக் கோடு 1997இல் ஆகஸ்ட் 1இலிருந்து ஜனவரி 1க்கு மாற்றப்பட்டது. தெரிவாகும் பிள்ளைகளின் பிறந்த மாதங்களும் பின்னாலேயே இடம்பெயர்ந்தன. கிரகங்கள் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் சுற்றறிக்கையைப் படித்திருக்க மாட்டா.

நம் வீட்டுக்குள்ளேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. இலங்கையில் ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் தரம் 1இல் சேர்ப்பார்கள். ஆகவே ஜனவரி 10இல் பிறந்தவன் வகுப்பில் கடைக்குட்டி. உலகத் தடகளப் போட்டிகளிலோ பதினெட்டு, இருபது வயதுக்குட்பட்டோர் பிரிவுகளுக்கு டிசம்பர் 31இல் உள்ள வயதைப் பார்க்கிறார்கள், அங்கே அதே பையன் தன் ஆண்டுக்காரருள் மூத்தவன். யாழ். மத்திய கல்லூரியிலிருந்து வந்த சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்த் பிறந்தது 2001 டிசம்பர் 5. ‘கடைசி மாதத்தில் பிறந்தும் வென்றார்’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். கோடு ஜனவரி 1 என்றால் அவர் இளையவர், செப்டம்பர் 1 என்றால் மூத்தவர்களுள் ஒருவர். எனவே எந்த மாதத்தின் பெயரும், ‘முதல்’, ‘கடைசி’ என்ற சொற்களும் நம் கலைச்சொல்லில் ஏறக்கூடாது.

> சார்பு வயது விளைவு. ‘ரிலேட்டிவ்’ என்பதைச் சாரடர்த்தி, சாரீரப்பதன் என்று பாடநூலில் படித்துவிட்டுப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை, தம்பி.

ரொறன்ரோ அண்ணருக்கு: வழக்கை மதிக்கிறேன். நானும் அந்தச் சாரடர்த்தியில் புள்ளி இழந்தவன்தான். ஆனால் பௌதிகத்தில் ‘சார்’ என்பதை மாணவன் சூத்திரத்தோடு சேர்த்துப் படிக்கிறான். பயிற்றுநருக்குச் சூத்திரம் கிடையாது. ‘சார்பு வயது’ என்றதும் அவருக்குத் தோன்றுவது, பிறரைச் சார்ந்து வாழும் வயது. அடுத்துத் தோன்றுவது பக்கச்சார்பு. இரண்டாவது பொருள் தற்செயலாகப் பொருந்துவதுபோலத் தோன்றுவதால் ஆபத்து இன்னும் அதிகம்: யாரோ வேண்டுமென்றே ஓரவஞ்சனை செய்கிறார்கள் என்று படித்துவிடுவார்கள். இங்கே தெரிவு செய்பவர் நேர்மையாகத்தான் தெரிவு செய்கிறார். உயரமானவன், வேகமானவன், பந்தை எல்லைக்கோட்டிலிருந்து நேரே விக்கெட் காப்பாளரிடம் எறிகிறவன், இவர்களைத் தெரிவு செய்கிறார். பத்து வயதில் பதினொன்றரை மாத வித்தியாசம் என்பது சின்னவனுடைய வாழ்நாளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்பதை அந்த நேரத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

தெரிவானவனுக்கு நல்ல பயிற்றுநர் கிடைக்கிறார், கூடுதல் ஆட்டங்கள், பாராட்டு. அடுத்த ஆண்டு அவன் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். தெரிவாகாதவனுக்கு என் கதையே சான்று: பன்னிரண்டு வயதில் கிரிக்கெட் மட்டை என் இடுப்புக்கு மேல் நின்றது. நான் ஸ்கோர் எழுதும் பையனாக்கப்பட்டேன், அதிலிருந்து மீளவே இல்லை. (மீண்டிருந்தால் கலைச்சொல் குழுமத்தில் இருந்திருக்க மாட்டேன்.)

> ஒப்பு வயது விளைவு. சாரடர்த்திக்கு எங்கள் பக்கத்தில் ஒப்படர்த்தி என்பதுதான் வழக்கம்.

கோயம்புத்தூர் ஆசிரியைக்கு: ஒப்பு என்றால் நிகர். ஒத்த வயதினர் என்று எண்ணப்படுகிறவர்கள் ஒத்தவர்கள் அல்லர் என்பதே இங்கே செய்தி. சொல் செய்தியைத் தலைகீழாக்குகிறது.

இனி என் முன்மொழிவு. ‘அவன் என்னைவிட ஆறு மாதம் மூப்பு’ என்று எல்லா ஊரிலும் சொல்கிறோம். அதிலிருந்து ‘மாதமூப்பு’. மூப்பு என்றாலே யாரைவிட என்ற கேள்வி உள்ளே இருக்கிறது, ஆகவே சார்பும் ஒப்பும் தேவைப்படவில்லை. ‘மாதமூப்பு விளைவு’ என்றால் சாதகமும் வராது, ஊழ்வினையும் வராது. கோட்டுக்கு ‘வெட்டுத் திகதி’. பல்கலைக்கழக அனுமதியின் வெட்டுப்புள்ளியை அறியாத குடும்பம் இங்கே இல்லை, விளக்கமே வேண்டியதில்லை.

இன்னொன்று. மாதமூப்பையும் உடல் முதிர்ச்சியையும் ஒரு நண்பர் குழப்பியிருந்தார். ஒரே நாளில் பிறந்த இரண்டு சிறுவர்களுள் ஒருவனுக்குப் பதின்மூன்றில் மீசை அரும்பும், மற்றவனுக்குப் பதினாறில். மூப்பை நாட்காட்டி சொல்லும். முதிர்ச்சியை அறிய வளர்ச்சி வேகத்தையோ மணிக்கட்டு எக்ஸ்ரேயையோ பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் சில உதைபந்தாட்டக் கழகங்கள் வயதை விட்டு முதிர்ச்சிப்படி சிறுவர்களைப் பிரித்து ஆடவைத்துப் பார்த்திருக்கின்றன. அதற்கு ‘முதிர்ச்சிக் குழுவாக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். மூப்பும் முதிர்ச்சியும் அருகருகே நின்று வேறுபாட்டைக் காட்டுவது தமிழில் கிடைத்த கொடை.

—

கோயம்புத்தூரிலிருந்து:

ஒப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மாதமூப்பு எனக்கு மாதச் சம்பளம் போல ஒலிக்கிறது, மாதந்தோறும் மூப்பது என்று. மூப்பு என்பதே கிழத்தனம் என்று என் மாணவிகள் சொல்கிறார்கள். திங்கள்மூப்பு?

—

யாழ்ப்பாணத்திலிருந்து:

அம்மா, திங்கள்மூப்பு என்றால் திங்கட்கிழமை காலை வரும் அலுப்பு என்று நினைப்பார்கள். அதை நானே நினைத்தேன். கிழத்தனத்துக்குப் பதில்: சேவை மூப்பு, பணிமூப்பு என்று அலுவலகங்களில் எழுதும்போது எவரும் நரைமுடியை எண்ணுவதில்லை. மாதச் சம்பள ஐயம் நியாயமானது. முதல் முறை வரும் இடத்தில் ‘மாதக் கணக்கிலான மூப்பு’ என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு சுருக்கமாகப் பயன்படுத்துகிறேன்.

ரொறன்ரோ அண்ணரின் சொல்லையும் வீசவில்லை. அட்டவணையில் பிள்ளையின் வயதிலிருந்து குழுவின் சராசரி வயதைக் கழித்து வரும் எண்ணுக்கு ‘சார்வயது’ என்று தலைப்பிட்டிருக்கிறேன். எண் இருக்கும் இடத்தில் அது நன்றாகவே நிற்கிறது. ஜிம்னாஸ்டிக் போன்ற, சிறிய உடல் குறையாகாத விளையாட்டுகளில் மாதமூப்பு விளைவு மங்கிப்போவதை விளக்கும் பந்திக்கும் அதுவே கைகொடுத்தது.

மிச்சம் இருப்பது எதிர்ச்சொல். மாதமூத்தோர் சரி, மற்றவர்களை என்ன சொல்வது? ‘மாத இளமை’ என்று எழுதிப் பார்த்தேன். முகப்பூச்சு விளம்பரம் போல இருக்கிறது. வெள்ளிக்கிழமை கைந்நூல் அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது எழுதினால் சேர்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் ‘மாத இளையோர்’ என்றே போகும்.