லைடார்: ரோபோ திரும்பும்போது வரைபடம் கலைகிறது, கண்ணாடிக் கதவும் தெரியவில்லை

கேள்வி:
வணக்கம். இரு சக்கர ரோபோ, சக்கர இடைவெளி 16 செ.மீ. மேலே ஆர்பிலைடார் ஏ1 (லேசரைச் சுழற்றிச் சுற்றிலும் தூரம் அளக்கும் லைடார் சென்சார்). ரோபோ மென்பொருள் ராஸ் 2, வரைபடம் எடுக்க ஸ்லாம் டூல்பாக்ஸ். நேராகப் போகும்வரை சுவர்கள் சுத்தமாக விழுகின்றன. திரும்பினால் ஒரே சுவர் இரண்டு மூன்று கோடாகப் பிரிகிறது. கண்ணாடிக் கதவு திறந்த வழியாகவே பதிவாகிறது. லைடார் பழுதா?

பதில் 1:
நேரே போகையில் சரியாக வருகிறதே, லைடாரைச் சந்தேகிக்க வேண்டாம். ஓடோமெட்ரியை, அதாவது சக்கரச் சுழற்சியை வைத்து ரோபோ தன் நகர்வைப் போடும் கணக்கைப் பாருங்கள். ஆர்விஸில் (ராஸின் காட்சித் திரை) ஃபிக்ஸ்டு ஃப்ரேமை (எதை நிலையாக வைத்துக் காட்டுவது என்பது) 'ஓடம்', அதாவது ஓடோமெட்ரி என்று வைத்து, ஸ்கேனின் (லைடார் ஒரு சுற்றில் எடுக்கும் புள்ளிகள்) டிகே டைமை (பழைய புள்ளிகள் திரையில் நிற்கும் நேரம்) 20 நொடியாக்கி, ரோபோவை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். சுவர் விசிறிபோல் விரிந்தால் தவறு ஓடோமெட்ரியில்தான்.

தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்து, சரியாக 10 சுற்று சுற்றவிடுங்கள். உண்மையில் 3600 டிகிரி. ஓடோமெட்ரி 3744 காட்டினால், சக்கர இடைவெளியை 1.04ஆல் பெருக்குங்கள். ஸ்கேலில் அளந்த எண்ணை நம்பாதீர்கள். அகல டயர் தரையைத் தொடும் இடம் நடுவில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பதில் 2:
வேகத்தையும் குறையுங்கள். ஏ1 வழக்கமாக நொடிக்கு 5.5 சுற்று, ஒரு சுற்றுக்கு 180 மில்லி நொடி. ரோபோ நொடிக்கு 60 டிகிரி திரும்பினால், ஒரு ஸ்கேன் முடிவதற்குள் 11 டிகிரி திரும்பிவிடும். 4 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அது 75 செ.மீ. பிசகு! ஸ்லாம் டூல்பாக்ஸோ மொத்த ஸ்கேனும் ஒரே கணத்தில் எடுத்தது என்றே கணக்கிடும். வரைபடம் எடுக்கும்போது நொடிக்கு 20 டிகிரியைத் தாண்டாதீர்கள்.

பதில் 3:
கண்ணாடி தனிப் பிரச்சினை. ஒளியில் பெரும்பகுதி ஊடுருவிப் போய்விடும். மிச்சம் கொஞ்சமும் முகம்பார்க்கும் கண்ணாடிபோல வேறு பக்கம் தெறிக்கும். நேர் எதிரே நின்றால் மட்டும் ஓரிரு புள்ளி கிடைக்கும். லைடார் உயரத்தில் 5 செ.மீ. அகலத்துக்குப் பளபளப்பில்லாத டேப் ஒட்டுங்கள். ஒட்ட முடியாவிட்டால் ஒலியால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் சேருங்கள், அல்லது நாவ்2வில் (ராஸ் 2இல் ரோபோவுக்கு வழி காட்டும் மென்பொருள்) கீப்அவுட் மாஸ்க், அதாவது ரோபோ நுழையக் கூடாத இடத்தைக் குறிக்கும் தனிப் படம் வரையுங்கள். மூல வரைபடத்தில் கோடு கிழிக்க வேண்டாம். இடத்தைக் கண்டறிய ரோபோ ஸ்கேனை அதோடுதான் ஒப்பிடுகிறது.

கேட்டவர்:
10 சுற்றுக்கு 3890 காட்டியது. இடைவெளியை 17.3 ஆக்கியதும் சுவர் ஒற்றைக் கோடானது. டேப் ஒட்டிய கதவும் தெரிகிறது. தூரத்துச் சுவர் மட்டும் தடிமனாக விழுகிறதே?

பதில் 2:
ஏ1 முக்கோண முறையில், அதாவது திரும்பி வரும் ஒளியின் கோணத்தை வைத்துத் தூரம் அளப்பது. தூரம் இரட்டித்தால் பிழை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஸ்லாம் டூல்பாக்ஸில் மேக்ஸ் லேசர் ரேஞ்சை (வரைபடத்துக்கு எடுத்துக்கொள்ளும் அதிகபட்ச தூரம்) 6 மீட்டருக்குக் குறைத்துப் பாருங்கள்.