டேங்க் மூடிக்குக் கீழே பெயின்ட் மங்கிவிட்டது, முழுப் பனலும் அடிக்க வேண்டுமா?

விட்ஸ்_அக்கா:

வணக்கம். என்னுடையது கரும் நீல டொயோட்டா விட்ஸ் கார், 2008 மொடல். போன செவ்வாய் காலை ஃபுல் டேங்க் அடிக்கச் சொன்னேன். பம்ப் தானாக நின்ற பிறகும், காசு கணக்கு ரவுண்டாக வரட்டும் என்று பெற்றோல் செட் பையன் இன்னும் இரண்டு தரம் அமத்தினான். பெற்றோல் வழிந்துவிட்டது. நான் போனில் இருந்தேன், கவனிக்கவில்லை. அப்படியே கொண்டுபோய் மரைன் டிரைவில் பின்னேரம் வரை வெயிலில் விட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடிக்குக் கீழே இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு மங்கல். கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி. கார் ஷாம்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. தெரிந்த கராஜில் முழுப் பனலும் அடிக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையாகவே தேவையா?

தெஹிவளை_பொடியன்:

பற்பசை போட்டுத் தேயுங்கள் அக்கா. என் பைக் டேங்குக்கு அப்படித்தான் செய்தேன்.

பழைய_ஸ்பிரேகன்:

தம்பி, கரும் நீலத்தில் பற்பசை தேய்த்தால் வெயிலில் சிலந்தி வலை மாதிரிக் கீறல் தெரியும். அது பல்லுக்கே இருக்கட்டும்.

தங்கச்சி, நான் கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் 26 வருடம் பெயின்ட் அடித்தவன். 'முழுப் பனலும்' என்றதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி உழைத்தவன்தான்.

முதலில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரத்தில் மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பழுதானது மேல்தோல் மட்டும்தான், பொலிஷுக்குச் சரிவரும். ஈரத்திலும் மஞ்சளாகத் தெரிந்தால் கறை கிளியர் கோட்டுக்குள், அதாவது நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமில்லாத பூச்சுக்குள், ஊறிவிட்டது. பொக்களித்திருந்தால், அல்லது நகத்தில் விளிம்பு தட்டினால் கராஜ்காரர் சொன்னதே சரி.

பெற்றோல் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிவிடும். ஆனால் போகும்போது மெழுகைக் கரைத்துவிட்டு, கனமான பிசுக்கை விட்டுப் போகும். வெயிலில் தகடும் சுட்டால் அது இன்னும் இறுகிப் பிடிக்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூவில் நின்று வாங்கிய பெற்றோலைக் கேனிலிருந்து புனல் இல்லாமல் ஊற்றி, இதே கோட்டோடு எத்தனை பேர் என்னிடம் வந்தார்கள்!

செய்ய வேண்டியது இதுதான். நிழலில் நிறுத்தி, தகடு நன்றாக ஆறட்டும். பார்மசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை மெல்லிய துணியில் தொட்டு, ஒரு மூலையில் சோதித்துவிட்டு, பிசுக்கை ஒற்றி எடுங்கள். பிறகு சாதாரண கார் பொலிஷ். முரட்டு ரப்பிங் கொம்பவுண்ட் வேண்டாம். கிளியர் கோட் பொதுவாக 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரை விட மெல்லியது. நினைத்தபடி சுரண்டினால் திரும்பி வராது. ஸ்பொஞ்சில் கடலை அளவு பொலிஷ் எடுத்து, கை அகல இடத்தில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். கடைசியில் மெழுகு.

துணியில் நீலம் ஏறினால் உடனே நிறுத்த வேண்டும். அங்கே கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். அந்தப் பனல் முன்பு எப்போதாவது அடித்ததா? ஃபாக்டரியில் சூட்டில் வேகவைத்த பெயின்ட் தாங்கும் அளவுக்குக் கராஜில் காற்றில் காய்ந்தது பெற்றோலைத் தாங்காது.

விட்ஸ்_அக்கா:

நன்றி அண்ணை. அடித்ததாகத் தெரியவில்லை, ஆனால் நான் மூன்றாவது ஓனர். தண்ணீர் ஊற்றினேன், மங்கல் மறைந்தது! ஞாயிறு காலை செய்து பார்க்கிறேன்.

விட்ஸ்_அக்கா:

செய்தேன். இரண்டு சுற்றில் முக்கால்வாசி போய்விட்டது. துணியில் நீலம் இல்லை. சாய்ந்து பார்த்தால் மட்டும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. மூன்றாவது தரம் தேய்க்கவா?

பழைய_ஸ்பிரேகன்:

வேண்டாம். மெழுகு போட்டு ஒரு மாதம் விடுங்கள். உங்களைத் தவிர வேறு யாரும் சாய்ந்து பார்க்கப் போவதில்லை. இன்னொன்று, டேங்க் மூடியைத் திறந்தால் குழியின் அடியில் பொதுவாக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சிந்துவது அதன் வழியாகக் கீழே போக வேண்டும். அது அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

விட்ஸ்_அக்கா:

முழுக்கக் கடல் மண்!